இசைத்தட்டு சொன்ன வாளை

புதுக்கடை,
12-4-1955.

பிரியமுள்ள தம்பி ஜான்ரோஸுக்கு அக்காள் தேவகனி எழுதிக்கொள்வது. நானும் அம்மையும் கர்த்தருடைய கிருபையால் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதங்களில் உன் ஆராய்ச்சிச் சாலையின் சுகம் பக்கம் பக்கமாக இருக்கிறது. உன்னுடைய சுகத்தை நானாகத்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஈஸ்டர் ஆராதனைக்கு அம்மை நடந்தே வந்தாள். முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. பின்பக்கத்துக் கூரையை மழைக்கு முன்னே மேய்ந்துவிட வேண்டும். ஓலை சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய பெட்டி போன புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. இசைத்தட்டு கீறல் இல்லாமல் இருக்கிறது. தட்டில் பேசுவது என் தம்பிதான் என்று நான் வாசல் காவல்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன். சமையல்கட்டு ஜெயபாய் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். பெரிய டாக்டரும் வந்து நின்றார். காது கேட்கிறதா என்று பார்க்க இத்தனை நாளும் கைக்கடிகாரத்தைக் காதோரம் பிடித்துப் பார்த்த ஆஸ்பத்திரிக்கு இது பெரிய காரியம் அல்லவா?

நீங்கள் எழுதி அனுப்பியபடியே செய்தேன். ஆளைப் பத்தடி தள்ளி உட்காரவைத்து, கையில் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தேன். தட்டு ஒரு சொல்லைச் சொல்லும். அட்டையில் உள்ள நான்கு படத்தில் அது எது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். மொத்தம் பத்துச் சொல். எட்டுக்குக் கீழே போனால் செவித்திறன் குறைவு என்று தாளில் எழுத வேண்டும். விடைத்தாளைப் பிரிக்கும் முன்னே முதல் ஆளாக நானே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ஏழுதான் வந்தது. பதினாறு வருஷமாக நர்சு வேலை பார்க்கிறேன், தம்பி. அடுத்த வார்டில் குழந்தை புரண்டு படுத்தால் எனக்குக் கேட்கும். உன் தட்டின் கணக்குப்படி நான் செவிடி.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அடுத்து உட்கார்ந்தவள் செசிலி. இனயம் கடற்கரைப் பெண், பத்தொன்பது வயது. நம் பிரசவ வார்டில் இரண்டு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறாள். இந்த ஜூலையில் பிரசவ நர்சு படிப்புக்கு அவளைச் சேர்ப்பதாக இருக்கிறோம். அவள் கரையிலிருந்து இந்தப் படிப்புக்கு வரும் முதல் பெண். தாயின் வயிற்றில் குழல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்க வேண்டிய வேலை என்பதால், படிப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் உன் தட்டில் தேற வேண்டும் என்று பெரிய டாக்டர் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறார்.

முதல் சொல்லுக்கு அவள் மீனைக் காட்டினாள். விடை வாழை. நான் ஒன்றும் சொல்லக் கூடாது என்பது விதி, அதனால் வாயை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்து ஆறு என்று எழுதிய பிறகுதான் கேட்டேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எக்கா, அந்த அண்ணன் வாளைன்னுதானே சொன்னாரு? பின்ன நான் எதைக் காட்ட?" என்றாள்.

மறுபடியும் தட்டைப் போட்டுக் கேட்டேன். நீ வாளை என்றுதான் சொல்கிறாய். வாளை மீன் தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் உண்டா? அட்டையில் மீனும் இருக்கிறது. அது வேறு கேள்விக்கு வரைந்த மீன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மழையை மளை என்கிறாய். அப்படி ஒரு சொல் எங்கள் காதுக்கு இல்லை, அதனால் மழைக்கு வரைந்த குடையை விட்டு மலையைக் காட்டினாள். முந்திரி என்றாய், திராட்சைக் குலையைக் காட்டினாள். நமக்கு அதுதானே முந்திரி? நீங்கள் நினைத்த முந்திரியை இங்கே கொல்லாங்கொட்டை என்பார்கள் என்பது நீ மறந்துபோகக்கூடிய விஷயமா? தொடப்பம் என்று ஒன்று சொன்னாய். அதற்குத் துடைக்கிற துணியைக் காட்டினாள், நானும் அதையேதான் காட்டினேன். வாரியல் என்றால் விளங்கியிருக்கும்.

ஏதோ அவசரத்தில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெரிய டாக்டருக்கு இரண்டு வரி எழுதிப் போடு. செசிலியின் தாளை அவர் மேசையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். ஜூன் முப்பதுக்குள் சேர்க்கைப் பட்டியல் முடிவாகிவிடும்.

அம்மை உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். தட்டை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து உன் குரலைக் கேட்க வைக்க வேண்டுமாம். வேளைக்குச் சாப்பிடு.

உன் பிரியமுள்ள அக்காள்,
தேவகனி.


புதுக்கடை,
6-5-1955.

தம்பி ஜான்ரோஸுக்கு,

உன் பதில் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்ல மனம் வரவில்லை. மேலே இலக்கம் போட்டு, கீழே முத்திரை குத்தி, நடுவில் "தாங்கள் குறிப்பிட்டிருந்தவை கவனிக்கப்பட்டன" என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பேன் பார்த்துவிட்ட அக்காள் எப்போதிலிருந்து 'தாங்கள்' ஆனாள்?

சொற்களை இரண்டு நிபுணர்கள் பார்த்துச் சம்மதித்தார்கள் என்கிறாய். பட்டணத்தில் நாற்பது கல்லூரி மாணவர்களை வைத்துப் பரிசோதித்ததில் எல்லோருக்கும் பத்து வந்தது என்கிறாய். வரத்தானே செய்யும்? அந்த மாணவர்களும் அந்த நிபுணர்களும் ஒரே கடையில் காப்பி குடிக்கிறவர்கள். நாங்கள் தாள்களை நிரப்பி அனுப்பினால் போதும், விளக்கம் வேண்டாம் என்கிறாய். தாளை நான்கு முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். பெயர், வயது, ஆணா பெண்ணா, பத்துக் கட்டம், மொத்தம். குறிப்பு எழுத ஒரு விரல் அகலம் இடம் விடவில்லை. உங்கள் கருவியைப் பற்றி உங்களைத் தவிர வேறு யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் முத்திரைக்குக் கீழே பென்சிலால் கிறுக்கியிருந்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் தடவை நீ வாழை, மழை என்று ஒழுங்காகத்தான் சொன்னாயாம். மலையாளத்தான் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அறையில் எல்லோரும் சிரித்தார்களாம். சாதாரண ஜனங்கள் சொல்கிறபடி சொல் என்று உன் புரொபசர் பதினொரு தடவை திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தாராம். அப்படியானால் உனக்குத் தெரியும்! தெரிந்துகொண்டே வாயைத் திருத்திக்கொண்டாய். நாங்கள் சாதாரண ஜனங்கள் இல்லையா, தம்பி? தமிழ் வேண்டும், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காகப் போன ஆகஸ்டில் இதே புதுக்கடையில் போலீஸ் துப்பாக்கி என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். அந்த ஊருக்குத் தமிழ் காதில் விழவில்லை என்று நீ தட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

இதுவரை முப்பத்தொரு பேரைப் பார்த்தாயிற்று. பத்தொன்பது பேர் செவிடு. அதில் உபதேசியார் முத்துநாயகமும் ஒருவர். பாட்டில் யாராவது அரை ஸ்வரம் தவறினால் பிரசங்க பீடத்திலிருந்தே திரும்பிப் பார்ப்பவர் அவர். பனையேறியின் பெண்சாதி பூங்கனிக்கு ஐந்து. காது மந்தம் என்று தெரிந்ததும் அவள் மாமியார் அவளிடம் கத்திப் பேச ஆரம்பித்துவிட்டாள். நன்றாக இருந்த காது இப்போது வலிக்கிறது என்று மருந்துக்கு வந்து நிற்கிறாள்.

பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அதே பத்துச் சொல்லைத் திரைக்குப் பின்னால் நின்று என் வாயால் சொன்னேன். கொல்லாங்கொட்டையும் வாரியலும் மட்டும் மாற்றிக்கொண்டேன். செசிலி பத்தையும் சரியாகக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவர் வாய்க்கும் ஒவ்வொரு விதமாக மாறக் கூடாது என்பதற்காகத்தானே தட்டே செய்திருக்கிறார்கள், நீங்கள் சொன்னது கணக்கில் வராது என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் வெள்ளைக்காரர். இருபது வருஷமாகக் குழித்துறையைக் குலித்துறை என்கிறவர். அவர் காதுக்கு ழவும் ளவும் லவும் ஒன்றே. அவரிடம் நான் எதைப் போட்டு விளக்குவேன்?

அதனால் நாங்களே உட்கார்ந்துவிட்டோம். நானும் செசிலியும் ஜெயபாயும் பூங்கனியும். கடற்கரை, பனைவிளை, வயல்பக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி விளங்குகிற பத்துச் சொல் எது என்று பார்த்தோம். சும்மா இல்லை, ஒவ்வொரு சொல்லையும் மருந்துக்கு வரிசையில் நிற்கிற நாற்பது பேரிடம் கேட்டுப் பார்த்தோம். மீன் படமே கூடாது என்றாள் செசிலி. கடற்கரையில் அதைக் காட்டினால் எந்த மீன் என்றுதான் முதலில் கேட்பார்களாம். ஜெயபாய் தேங்காயை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றாள். ழ இருக்கிற சொல்லையெல்லாம் எடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்குத்தான் செசிலிக்குக் கோபம் வந்தது. "மழைய எதுக்கு எடுக்க? சரியாச் சொன்னாப் போரும்" என்றாள்.

பட்டியலை இதனுடன் வைத்திருக்கிறேன். எந்தச் சொல்லை யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உன் புரொபசரிடம் காட்டு. தட்டைத் திருத்தும் வரை அதை வைத்து ஒருவரையும் தள்ள வேண்டாம் என்று பெரிய டாக்டருக்கு ஒரு வரி எழுதச் சொல். அவர் எழுதாவிட்டால் நீ எழுது. அந்தத் தட்டின் வாய் நீதானே.

கூரை இன்னும் மேயவில்லை. ஓலை வந்தது, ஆள் வரவில்லை.

தேவகனி.


புதுக்கடை,
10-6-1955.

அன்புள்ள ஜான்ரோஸுக்கு,

ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் அலுவலகத்திலிருந்து ஒரு அட்டை மட்டும் வந்தது. எங்கள் பட்டியல் இரண்டாம் பதிப்பின்போது பரிசீலிக்கப்படுமாம். இரண்டாம் பதிப்பு எப்போது என்று அட்டையில் இல்லை. தட்டு போன மூன்று ஆஸ்பத்திரிகளின் தாள்களையும் கூட்டி முதல் அறிக்கை அச்சுக்குப் போகிறது, மீதித் தாள்களை விரைவில் அனுப்பவும் என்று மட்டும் கண்டிப்பாக இருக்கிறது. அந்த முப்பத்தொரு பேருக்குப் பிறகு நான் யாரையும் உட்காரவைக்கவில்லை.

செசிலியின் காரியம் ஊருக்குள் பரவிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள் என்றால் கரையில் வேறு பேச்சு எடுபடுமா? மீன் சந்தையில் அவள் அம்மையை, செவிடிக்கு அம்மை என்கிறார்களாம். ஆசையாகக் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்க்கப் போய்விட்டார்கள். அது போனால் போகட்டும் என்று அவளே சொல்கிறாள். படிப்பு போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறாள். வார்டில் யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் பாதிச் சொல்லிலேயே ஓடுகிறாள், ஒரு நொடி தாமதித்தாலும் காது கேட்கவில்லை என்பார்களே என்று.

தினமும் போய் நின்று, அவளுக்கு இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுக்கச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி. அதே தட்டு, அதே அட்டை.

உனக்கு அங்கே என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெற்கத்தியான், மலையாளத்தான் என்று கேலி செய்கிறவர்கள் நடுவில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். புரொபசரை எதிர்த்து எழுதினால் என்ன ஆகும் என்றும் யோசிப்பாய். எல்லாம் சரி. ஆனால் நீ சும்மா இருப்பதற்கு இங்கே ஒரு பெண் செவிடியாக வேண்டுமா? இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுது. தந்தியாவது கொடு. நான்கு சொல் போதும்.

கூரை மேய்ந்தாயிற்று. முதல் மழைக்கு ஒழுகவில்லை.

எதிர்பார்த்திருக்கும்,
தேவகனி.


புதுக்கடை,
28-6-1955.

தம்பி,

தந்தி வரவில்லை. நானும் தபால்காரரை வழிமறித்துக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

செசிலி தேறிவிட்டாள். பத்துக்குப் பத்து. சந்தோஷப்படாதே, முழுவதையும் வாசி.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னே அவள் வீட்டுக்கு வந்தாள். அம்மை கொடுத்த கட்டங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எக்கா, அவிய வாழையத்தான் வாளைன்னு சொல்லுகாவ, அவ்வளவுதானே? நான் தப்பாக் கேட்டுப் படிச்சுக்கிடுதேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு வருஷமாக எத்தனையோ பெண்களுக்குச் சரியாகக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தப்பாகக் கேட்க ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. மளை என்றால் குடையைக் காட்டு, முந்திரி என்றால் கொல்லாங்கொட்டையைக் காட்டு என்று பாடமாக ஒப்பிக்க வைத்தேன். செய்யக்கூடாததுதான். செய்தேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்ய நீ எங்கே இருந்தாய்?

இருபத்தைந்தாம் தேதி பெரிய டாக்டரே பக்கத்தில் நின்றார். தட்டு வாளை என்றது. செசிலி என் முகத்தைப் பார்க்காமல் வாழையில் விரலை வைத்தாள். பத்தும் முடிந்ததும் அவர் சந்தோஷமாக அவள் முதுகில் தட்டினார். முதல் தடவை பெண் பயந்திருக்கிறாள், தட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை பாருங்கள் என்று என்னிடம் சொன்னார். ஜூலை ஒன்றாம் தேதி அவள் படிப்பில் சேர்கிறாள். வெளியே வந்ததும் செசிலி சிரித்தாள். பிறகு, மீதிப் பதினெட்டுப் பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பீங்களா என்று கேட்டாள்.

அந்தத் தாள் இன்றைய தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. முப்பத்திரண்டாம் எண், மொத்தம் பத்து. உன் புரொபசர் அதைக் கூட்டிக் கழித்து, தட்டு சரி என்று அச்சுப் போடுவார். அந்தப் பத்து, காது கேட்டு வந்த பத்து இல்லை என்பது செசிலிக்கும் எனக்கும் இப்போது உனக்கும்தான் தெரியும். அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்க விடாதே. குறிப்பு எழுத இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுது. இதை மட்டுமாவது செய்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெரிய டாக்டரிடம் கேட்டுத் தட்டையும் கிராமபோனையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மை சட்டை மாற்றி, தலை சீவி, கிராமபோனுக்கு முன்னால் பெஞ்சியில் வந்து உட்கார்ந்தாள். இதுதான் உன் தட்டு என்று சொல்லாமல், ஏதோ ஒரு தட்டு என்று சொல்லி வைத்தேன். கேட்டதும் அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். பத்துச் சொல்லும் ஓடி முடிந்தது. "ஆரு மக்கா இது, பட்டணத்து ஆளா? நல்லாப் பேசுகாரு" என்றாள்.

பேசுகாரு என்றாள், தம்பி. உன்னை.

ஜான்ரோஸ்தான் அம்மை என்றேன். அவள் நம்பவில்லை. மறுபடியும் போடச் சொல்லி, குழாயின் வாயில் காதை வைத்துக் கேட்டாள். மூன்றாம் முறையும் போடச் சொன்னாள். பிறகு எழுந்து, "பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு போல. அதான் குரல் மாறிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பாங்கரைக்குப் போய்விட்டாள். இன்று காலையில் எண்ணெய் காய்ச்சிப் புட்டியில் ஊற்றி வைத்திருக்கிறாள். நெஞ்சில் தடவிக்கொள்ள உனக்கு அனுப்ப வேண்டுமாம். தபாலில் எண்ணெய் போகாது. புட்டியை அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது, நீ வந்து. இந்தத் தடவை வா. தட்டு, தாள் ஒன்றும் கொண்டுவராதே. வந்து வாசலில் நின்று, மழை வருகிறது அம்மை, கதவைத் திற என்று ஒரு தடவை சொல். அவள் காதுக்கு ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தத் தாளில் அடங்காது. ஆனாலும் அக்காள் ஆசீர்வதிக்காமல் கடிதத்தை மடிக்கக் கூடாது. கீழே எழுதியிருப்பதை மனதுக்குள் வாசிக்காதே. பக்கத்தில் யார் இருந்து சிரித்தாலும் சரி, வாய்விட்டுச் சொல்.

நீ நீடூழி வாழ்க.

தேவகனி.